பாதிச் சால்வை

பொகவந்தலாவையில், தேயிலைச் சரிவுகளின் நடுவே, புனித மரியாள் ஆலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் ஜூலியா மார்கரெட் கமரூன் அம்மையார் துயில்கின்றார். நிழற்படத்தைக் கலையாக்கிய முன்னோடிகளுள் ஒருவர். அவருடைய படங்களைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டனர்; என் நெஞ்சம் நாடுவதோ அவர் வழங்கிய சால்வைகளை.

1815இல் கல்கத்தாவில் பிறந்த அவர், 1838இல் தம்மினும் இருபது வயது மூத்த சார்ள்ஸ் கமரூனை மணந்தார். கோல்புறூக்–கமரூன் ஆணைக்குழுவால் இலங்கை அறிந்த அதே கமரூன்தான்.

அக்காலச் சீமையில் காஷ்மீரச் சால்வை வெறும் போர்வையன்று. பிரான்சிலே மணமகளுக்கு அனுப்பும் பரிசுப் பேழையில் அதற்குத் தனியிடம் உண்டு. 1846ஆம் ஆண்டின் அமிர்தசரஸ் உடன்படிக்கை, காஷ்மீர மன்னர் ஆண்டுதோறும் மூன்று சோடிச் சால்வைகளைத் திறையாகச் செலுத்த வேண்டுமென விதித்தது. நாவால் உரைக்கக் கூசும் அன்பையும் சால்வையாகத் தோளிற் போர்த்திவிடலாம். அம்மையாருக்கோ அந்தக் கூச்சமும் இல்லை. நண்பர் ஹென்றி டெய்லரின் மனைவி ஒருமுறை விலையுயர்ந்த சால்வையைத் திருப்பியளித்தார்; அதற்கு ஈடாக, அவர் பெயராலேயே தீராநோயாளர் மருத்துவமனைக்கு ஒரு சாய்கட்டில் போய்ச் சேர்ந்தது! அவர் அன்பினின்று தப்புதல் அரிது.

1863இல், அவரது நாற்பத்தெட்டாம் வயதில், மகளும் மருமகனும் ஒரு கமெராவைப் பரிசளித்தனர். கொடுத்தே பழகியவர் பெற்ற அப்பரிசு அவர் வாழ்வையே மாற்றியது.

1875இல், இலங்கையை மறவாத கணவருக்காகப் புகழையும் நண்பரையும் விட்டு இங்கு வந்தார். கோப்பித் தோட்டங்களை இலைநோய் அழித்துக்கொண்டிருந்த காலம் அது. 1877இல் களுத்துறை இல்லத்துக்கு ஓவியர் மரியான் நோர்த் வந்தார். அம்மையார் அணிந்திருந்த பசும்புல் நிறச் சால்வையை அவர் வியந்ததுதான் தாமதம். அம்மையார் கத்தரிக்கோலை எடுத்து, மூலைக்கு மூலை வெட்டி, ஒரு பாதியை அவருக்கு அளித்தார். முழுச் சால்வையைக் கொடுத்தால் அது கொடை. பாதியைத் தமக்கென வைத்துக்கொண்டதில் அதனினும் நெருக்கமான ஒன்றை நான் காண்கிறேன்.

ஆயினும் ஓர் உறுத்தல். அதே கமெராவின் முன் தோட்டத் தொழிலாளரும் நின்றனர். முதுகழகை வியந்து ஒருவனைத் தோட்டமே இல்லாத வீட்டுக்குத் தோட்டக்காரனாகவும் அமர்த்தினார். அழகு அவர் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் அப்படங்களிற் பலவற்றில் நிற்போரின் பெயர் நமக்கு எட்டவில்லை.

1879 ஜனவரி 26இல், டிக்கோயாப் பக்கத்துக் கிளென்கேர்ன் தோட்டத்தில் அம்மையார் மறைந்தார். மறு ஆண்டில் கணவரும் அவரருகே அடக்கமானார். மரியான் நோர்த் பின்னாளில் தம் நினைவுகளை எழுத அமர்ந்தபோது, அந்தப் பாதிச் சால்வை அவர் மேல் கிடந்தது.