மாடியில் பிரெஞ்சு, கீழே தமிழ்

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்கு அருகில், ரங்கப்பிள்ளை வீதியில் 18ஆம் நூற்றாண்டு வீடு ஒன்று பாதுகாக்கப்பட்டு வருகிறது. கீழ்த்தளத்தில் தமிழர் பாணி மரத்தூண்கள். மாடிக்குப் போனால் பிரெஞ்சுப் பாணியில் பருத்த வெள்ளைத் தூண்கள். அங்கு வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் வேலையும் இப்படி இரண்டு உலகங்களுக்கு நடுவில்தான் இருந்தது.

1709ல் சென்னைப் பெரம்பூரில் பிறந்தவர். உறவினர் நைனியப் பிள்ளையின் அழைப்பால் குடும்பம் புதுச்சேரிக்குக் குடியேறியது. அந்த நைனியப் பிள்ளை பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் துபாஷி. அதிகாரிகளின் கோபத்துக்கு ஆளாகி, பதவி பறிபோய், சிறையிலேயே இறந்தார். துபாஷி என்றால் இருமொழியாளர். மொழி மட்டும் தெரிந்தால் போதாது, ஆட்சியாளரின் மனநிலையும் தெரிய வேண்டும் என்பதை அந்தக் குடும்பம் விலை கொடுத்தே கற்றிருந்தது.

பிள்ளை வணிகர், சொந்தமாகக் கப்பலும் வைத்திருந்தார். ஆளுநர் டூப்ளே காலத்தில் தலைமைத் துபாஷியாக உயர்ந்தார். ஆனால் இன்று அவரை நாம் நினைப்பது 1736 செப்டம்பரில் தொடங்கி ஏறக்குறைய 25 ஆண்டுகள் எழுதிய நாட்குறிப்புக்காக. கப்பல் வரவு, துணி விலை, நவாபுகளின் தூது, ஊர் வம்பு எதையும் விடவில்லை. பேச்சுத் தமிழும் பிறமொழிச் சொற்களும் கலந்த நடை. தமிழாசிரியர் கையில் கிடைத்திருந்தால் சிவப்பு மையால் நிரம்பியிருக்கும்!

1748ல் ஆங்கிலேயர் முற்றுகையிட்டபோது பிரெஞ்சுக்காரர்கள் வேதபுரீசுவரர் கோயிலை இடித்தனர். ஆளுநருக்கு அவ்வளவு நெருக்கமாக இருந்தும் பிள்ளையால் அதைத் தடுக்க முடியவில்லை. அந்த வேதனையையும், டூப்ளேயின் மனைவிமீது இருந்த கசப்பையும் ஒளிக்காமல் எழுதினார். தவறான கையில் சிக்கியிருந்தால் நைனியப் பிள்ளையின் கதி அவருக்கும் நேர்ந்திருக்கலாம்.

1754ல் டூப்ளே பிரான்சுக்குத் திருப்பி அழைக்கப்பட்டார். பிறகு பிள்ளையின் செல்வாக்கும் சரிந்து, பதவியும் போனது. நோயுற்ற நிலையிலும் எழுதுவதை நிறுத்தவில்லை. 1761 ஜனவரியில் இறந்தார். ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு வர இன்னும் 58 ஆண்டுகள் இருந்தன. அவர் இறந்த சில நாள்களில், ஜனவரி 16ஆம் தேதி, புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. பின்னர் அவர்கள் நகரின் பெரும்பகுதியைத் தரைமட்டமாக்கினார்கள். பிள்ளையின் வீடு தப்பியது.

நாட்குறிப்பு 1846ல்தான் வெளியுலகின் கண்ணில் பட்டது. ஆங்கில மொழிபெயர்ப்பு மட்டும் 12 தொகுதிகள். அவ்வளவையும் படிக்கத் தயங்குவோர், அந்தக் காலத்தைக் கதையாக்கிய பிரபஞ்சனின் ‘மானுடம் வெல்லும்’ நாவலிலிருந்து தொடங்கலாம்.