சொல்லின் வேர் கண்ட மொழிஞாயிறு

தமிழ்ச் சொல்லாராய்ச்சியைத் தம் வாழ்வாகவே கொண்டவர் மொழிஞாயிறு ஞா. தேவநேயப் பாவாணர். 1902 பிப்பிரவரி 7ஆம் நாள் சங்கரன்கோவிலில் ஞானமுத்து, பரிபூரணம் இணையருக்குப் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்து, பிறர் அரவணைப்பில் கற்று, பள்ளித் தமிழாசிரியராய்ப் பணி தொடங்கினார். 1940இல் வெளிவந்த ‘ஒப்பியன் மொழிநூல்’ அவரது ஆய்வுநெறியை அறிவித்தது.

1944 முதல் 1956 வரை, நம் கல்வராயன் மலைக்கு மேற்கே, சேலம் நகராண்மைக் கல்லூரியில் தமிழ் பயிற்றினார். பெருஞ்சித்திரனார் அங்கு அவர்பாற் பயின்றவரே. பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். 1961இல் அப்பணி பறிபோக, வறுமை சூழ்ந்தது, ஆய்வோ நிற்கவில்லை.

ஒரு சொல்லைத் தனியே நோக்காது, அதன் குடும்பத்தோடு நோக்குவது அவர் முறை. வளைவைக் குறிக்கும் ‘வள்’ என்னும் வேரினின்று வளை, வளையல், வளையம் ஆகியன கிளைத்தமை காட்டுவார். வடசொற்றிரிபு எனப் பலர் கொள்ளும் ‘வட்டம்’ என்பதையும் அவ்வேரிலேயே சேர்ப்பார். பொருள் மாறும் வழியையும் சொற்களே புலப்படுத்தும். எள்ளின் நெய்யாகிய எண்ணெய் இன்று தேங்காய்க்கும் கடலைக்கும் பொதுப்பெயராயிற்று. நறுமணத்தையும் உணர்த்திய நாற்றம் தீயமணத்தளவில் சுருங்கிற்று.

உலக மொழிகளுக்கெல்லாம் தமிழே தாய் என்னும் அவர் முடிபை மொழியியலார் பெரும்பாலோர் ஏற்கவில்லை. எனினும், அகராதி ஏறாத நாட்டுப்புறச் சொற்களைத் திரட்ட வேண்டும் என்ற அவர் வற்புறுத்தல் எக்கொள்கையினரும் போற்றத்தக்கது.

1974இல் தமிழக அரசு செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தை நிறுவி அவரை இயக்குநராக்கியது. அப்போது அவருக்கு அகவை 72. 1981 சனவரியில் மதுரை ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டில் உரையாற்றியபின் நோயுற்று, அங்கேயே மறைந்தார். முதற்பகுதி அச்சேறியது 1985இல். தம் கனவு நூலுருப் பெற்றதை அவர் காணவில்லை. பிறர் தொடர்ந்த அப்பணி 2011இல் நிறைவெய்தியது.

ஏரும் மலையும் சூழ்ந்த சங்கராபுரத்தில், உழவர் வாயிலும் மலைவாழ் மக்கள் வாயிலும் வழங்கும் சொற்கள் பல. அவற்றை வழக்கிறந்து போகுமுன் கேட்டுக் குறித்தலும் பாவில் ஏற்றலும் பத்தாண்டு கண்ட நம் வட்டத்துப் பாவலர் கடன். அதுவே பாவாணர்க்கு நாம் செய்யும் நன்றி.