ஒரு குமிழுக்குள் ஓர் இசையுலகம்

மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவன்

இன்னிசை கேட்டு இன்புறுகின்றோம். அவ்விசைக்குக் கருவி சமைத்தவரை எண்ணிப் பார்த்ததுண்டா? கல்லூரி விழாவுக்காக நண்பர் ஒருவரின் கணினியில் இசையமைத்தபோதுதான் எனக்கு இக்கேள்வி எழுந்தது. அந்த மென்பொருளில் 'மேக்ரோ' என்றொரு குமிழ் இருந்தது. அதைத் திருப்பியதும் ஒலியின் கூர்மை, நடுக்கம், எதிரொலி மூன்றும் ஒருங்கே மாறின! அக்குமிழ் எவற்றை ஆளவேண்டும் என்பதையும் நாமே குறித்துவிடலாம். இதன் வேரைத் தேடியபோது நான் கண்டவரே ராபர்ட் மோக்.

1934 மே 23-இல் நியூயார்க்கில் பிறந்தார் மோக். தந்தையார் பொறியாளர், அன்னையாரோ மகனைப் பியானோ பயிலச் செய்தார். பள்ளிப் பருவத்திலேயே, கையால் தொடாமல் வாசிக்கும் 'தெரமின்' கருவியைச் செய்தார். 1954-இல் தந்தையுடன் சேர்ந்து அதை விற்கவும் தொடங்கினார். கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1965-இல் முனைவர் பட்டம் பெற்றார்.

1963-இல் இசையாசிரியர் ஹெர்பர்ட் டாய்ச்சைச் சந்தித்தது அவர் வாழ்வின் திருப்புமுனை. ஒலியின் ஒவ்வொரு பண்பையும் கையால் திருப்புவதற்குப் பதிலாக மின்னழுத்தமே திருப்பினால் என்ன? 1964-இல் அத்தகைய கருவியை உருவாக்கினார். ஒரு வோல்ட் கூடினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும். அதே மின்னழுத்தத்தைக் கம்பிவழி வடிப்பானுக்கும் ஒலிபெருக்கத்துக்கும் பகிர்ந்தளித்தால், ஓர் அசைவில் யாவும் மாறும். அதே காலத்தில் கலிபோர்னியாவில் டொனால்ட் புக்லாவும் இவ்வழியில் உழைத்தார்.

1968-இல் வெண்டி கார்லோஸ், பாக்கின் இசையை இக்கருவியில் வாசித்து வெளியிட்ட இசைத்தட்டு உலகப் புகழ் பெற்றது. 1970-இல் வந்த 'மினிமோக்' கருவியின் இடப்புறத்தில் ஒரு சக்கரம் உண்டு. அதன் ஆட்சி சுருதிக்கா, வடிப்பானுக்கா, இரண்டுக்குமா என்பதைச் சிறு விசைகளால் தேர்ந்துகொள்ளலாம். இன்றைய மேக்ரோ குமிழுக்கு இதை மூத்த உறவு என்பேன்.

புகழ் வந்தது, பொருள் நிற்கவில்லை. 1971-இல் நிறுவனம் கைமாறியது. 1977-இல் அவரே அங்கிருந்து வெளியேறினார். தம் பெயரைத் தம் கருவிக்கு இடும் உரிமையும் இல்லை! என்ன கொடுமை! எனினும் சோர்ந்தாரில்லை. வட கரோலினாவில் வேறு பெயரில் மீண்டும் தெரமின் செய்தார். 2002-இல் தம் பெயரை மீட்டார். 2005 ஆகஸ்ட் 21-இல் மறைந்தார்.

நண்பர்களே, மின்னணுவியல் தாளில் இருமுறை தோற்றவன் நான். டிரான்சிஸ்டரில் மின்னழுத்தம் சிறிது ஏற, மின்னோட்டம் மடங்கு மடங்காய்ப் பெருகும் அந்த வளைகோட்டைப் பொருளறியாமல் மனப்பாடம் செய்தேன். வோல்ட்டை ஸ்தாயியாக்க மோக் பயன்படுத்தியது அந்த வளைகோட்டைத்தான் என்றறிந்தபோது வெட்கமும் மகிழ்ச்சியும் ஒருங்கே தோன்றின. மூன்றாம் முறை எழுதப் போகிறேன். இம்முறை புரிந்துகொண்டு எழுதுவேன். பெயரையே இழந்தவர் மீண்டார். ஒரு தாளை இழந்த நாம் மீள இயலாதா?