திண்டுக்கல் தெருக்களில் ‘மாண்டிசோரி’ போர்டு: கொடைக்கானலில் தங்கியிருந்த அந்த டாக்டரம்மா யார்?

திண்டுக்கல் டவுனில் ஒரு ரவுண்டு வந்தால், ஏதாவது ஒரு நர்சரி ஸ்கூல் வாசலில் ‘மாண்டிசோரி’ என்ற சொல் கண்ணில் பட்டுவிடும். ஏதோ ஒரு பாடத்திட்டத்தின் பெயர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு பெண்ணின் பெயர். முழுப்பெயர் மரியா மாண்டிசோரி. இத்தாலிக்காரர். படித்தது மருத்துவம்.

இரண்டாம் உலகப் போர் நேரத்தில் அவர் தங்கியிருந்தது எங்கே தெரியுமா? வத்தலக்குண்டு தாண்டி பஸ் மலையேறிப் போகிறதே, அந்தக் கொடைக்கானலில்தான்.

சின்னக் குழந்தைக்கு எழுத்தை எந்த வயதில், எப்படிச் சொல்லித் தருவது? இதற்கு அவர் கண்டுபிடித்த விடை ஒன்று. அவர் பெயரைப் போட்டுக்கொண்டு பல இடங்களில் நடப்பது வேறொன்று. அட்மிஷன் ஃபீஸ் கட்டும் முன் அவர் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது.

டாக்டர் எப்படி டீச்சர் ஆனார்?

1870 ஆகஸ்ட் 31-ல் இத்தாலியின் கியாரவாலே ஊரில் பிறந்தார் மரியா. பெண்கள் மருத்துவம் படிப்பதே அபூர்வமாக இருந்த காலம். எதிர்ப்பைத் தாண்டிப் படித்து, 1896-ல் ரோம் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினார்.

டாக்டராக அவர் முதலில் பார்த்தது, ‘இவங்களுக்குப் படிப்பு வராது’ என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளை. இவர்களுக்கு வேண்டியது மருந்து மட்டுமில்லை, சரியான கல்வியும்தான் என்று அவருக்குத் தோன்றியது. இட்டார், செகான் என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்களின் புத்தகங்களைத் தேடிப் படித்தார். தொட்டுப் பார்க்க, எடுத்து அடுக்க, விரலால் தடவ என்று பொருட்களைச் செய்து கொடுத்தார். அந்தக் குழந்தைகளில் சிலர் எழுதப் படிக்கக் கற்று, மற்ற பிள்ளைகளோடு பொதுத்தேர்வு எழுதித் தேறினார்கள்.

எல்லோரும் பாராட்டினார்கள். அவருக்கோ வேறொரு கேள்வி. இந்தக் குழந்தைகளே இவ்வளவு செய்கிறார்கள் என்றால், சாதாரணப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளை நாம் எந்த அளவுக்கு அமுக்கி வைத்திருக்கிறோம்?

ஏழைகள் குடியிருப்பில் முதல் பள்ளி

1907 ஜனவரி 6-ல் ரோமின் சான் லொரென்ஸோ பகுதியில் ‘குழந்தைகள் இல்லம்’ தொடங்கியது. அது கூலித் தொழிலாளர்கள் வாழும் இடம். அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போய்விட, பிள்ளைகள் சுவரில் கிறுக்கிக்கொண்டு திரிந்தார்கள். கட்டிடத்தைப் பாதுகாக்க நினைத்த உரிமையாளர்கள் ஓர் அறையை ஒதுக்கிக் கொடுத்தார்கள். இன்று பணக்காரக் கல்வியாகப் பார்க்கப்படும் மாண்டிசோரி முறை பிறந்தது இங்கேதான்.

எழுத்து சொல்லித் தருவது ஆரம்பத்தில் அவர் திட்டத்திலேயே இல்லை. ஆறு வயதுக்கு முன்னால் அது வேண்டாம் என்பதுதான் அன்றைய நம்பிக்கை. அவரும் அப்படித்தான் நினைத்தார். கேட்டது அந்தக் குடியிருப்பின் அம்மாக்கள். எழுதப் படிக்கத் தெரியாத அவர்கள், பிள்ளைகளுக்காவது கற்றுத் தரச் சொல்லி விடாமல் கேட்டார்கள்.

மரத்தில் எழுத்து செதுக்கக் காசில்லை. அதனால் உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி அட்டையில் ஒட்டினார். ஆமாம், தச்சர்கள் மரத்தைத் தேய்ப்பார்களே, அதே உப்புத்தாள். குழந்தை இரண்டு விரலால் எழுத்தைத் தடவும். டீச்சர் அந்த எழுத்தின் பெயரைச் சொல்லாமல், அதன் ஒலியை மட்டும் சொல்வார். கண் பார்க்கிறது, காது கேட்கிறது, விரல் வழியை மனப்பாடம் செய்கிறது. மூன்றும் ஒரே நேரத்தில்.

அந்த டிசம்பரில், மொட்டை மாடியில் தன் பக்கத்தில் இருந்த ஐந்து வயதுப் பையனிடம் சாக்பீஸைக் கொடுத்து, அங்கிருந்த புகைபோக்கியை வரையச் சொன்னார் மரியா. அவன் வரைந்தான். திடீரென்று, தனக்கு எழுத வருகிறது என்று கத்திக்கொண்டே தரையில் ‘மானோ’ என்று எழுதினான். அதாவது கை. அடுத்து புகைபோக்கி, அதற்கடுத்து கூரை. அன்று வரை அந்த வார்த்தைகளை எழுதிப் பார் என்று அவனிடம் யாரும் சொன்னதில்லை. அவனைப் பார்த்து மற்ற பிள்ளைகளும் எழுத ஆரம்பித்துவிட்டார்கள்.

சரி, அவர் கண்டுபிடித்தது என்ன?

முதல் விஷயம், ஒலிதான் முதலில், எழுத்தின் பெயர் பிறகு. ஆங்கிலத்தில் இது ரொம்ப முக்கியம். ‘சி, ஏ, டி’ என்று எத்தனை முறை கத்தினாலும் ‘கேட்’ வராது. ‘டபிள்யூ’ என்ற பெயருக்குள் அந்த எழுத்தின் ஒலியே கிடையாது. தமிழில் இந்தச் சிக்கல் குறைவு. ‘ம’ என்ற எழுத்தின் பெயரே அதன் ஒலி. ‘ம’, ‘ர’, ‘ம்’ சேர்த்துச் சொன்னால் மரம் வந்துவிடும். ஆனால் ‘கடல்’ என்பதில் வரும் ‘க’ வேறு, ‘தங்கம்’ என்பதில் வரும் ‘க’ வேறு. தமிழிலும் காது பழகத்தான் வேண்டும்.

இரண்டாவது, எழுதுவது முதலில், வாசிப்பது பிறகு. தன் மனதில் இருக்கும் சொல்லை எழுத்தாக்குவது குழந்தைக்குச் சுலபம். அடுத்தவர் எழுதியதைப் புரிந்துகொள்வது கொஞ்சம் கஷ்டம். பென்சில் பிடிக்க விரலில் வலு வரும் வரை, வெட்டிய எழுத்துகளை அடுக்கிச் சொல் கட்டினாலே போதும்.

மூன்றாவது, வயது. மூன்றரை, நான்கு வயதில் குழந்தைக்குத் தொட்டுத் தடவுவதில் தனி ஆர்வம் இருப்பதை அவர் கவனித்தார். முன்பயிற்சி தொடங்கிய நாலு வயதுக் குழந்தை முதல் சொல்லை எழுத ஒரு மாதம் முதல் ஒன்றரை மாதம் ஆகிறது என்றும், ஐந்து வயதில் சுமார் ஒரு மாதம் போதும் என்றும் குறித்து வைத்தார். ஆனால் எந்தக் குழந்தையையும் அவர் கட்டாயப்படுத்தவில்லை. ஆர்வம் வந்தபோது பொருளை எடுத்துக் கொடுத்தார், அவ்வளவுதான்.

எழுத்து-ஒலித் தொடர்பை முறையாகச் சொல்லித் தந்தால் வாசிப்பு மேம்படும் என்று 2000-ல் அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழுவும் ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னது.

நம் ஊர்த் திண்ணைப் பள்ளிகளிலும் பிள்ளைகள் மணலில் விரலால்தான் எழுதினார்கள். விரல் வழியாக எழுத்து மனதில் ஏறும் என்பது நம் முன்னோருக்கும் தெரியும். அங்கே பிரம்பும் கூடவே இருந்தது. மாண்டிசோரி முறையில் பரிசும் இல்லை, தண்டனையும் இல்லை.

கொடைக்கானலுக்கு எப்படி வந்தார்?

அவர் வாழ்க்கையில் சறுக்கலும் உண்டு. 1920-களில் முசோலினி அரசின் ஆதரவை ஏற்றுத்தான் இத்தாலியில் பள்ளிகளை விரிவாக்கினார். பிறகு அந்த அரசோடு ஒத்துப்போக முடியாமல் 1934-ல் நாட்டை விட்டு வெளியேறினார்.

1939-ல் பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும், கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவியும் அழைக்க, 69 வயதில் சென்னை அடையாறுக்கு வந்தார். கூடவே மகன் மரியோ. அம்மா இத்தாலிய மொழியில் பேசுவார், மகன் ஆங்கிலத்தில் சொல்வார். முதல் பயிற்சி வகுப்பிலேயே சுமார் 300 பேர்.

1940 ஜூனில் இத்தாலி போரில் குதித்தது. ஒரே நாளில் இருவரும் எதிரி நாட்டவர் ஆனார்கள். மரியோவை முகாமில் அடைத்தது ஆங்கிலேய அரசு. மரியாவின் நடமாட்டத்துக்கும் கட்டுப்பாடு. திருமணம் ஆகாமல் பிறந்த பிள்ளை என்பதால், மரியோவைப் பல வருஷம் தன் மகன் என்று அவர் வெளியில் சொன்னதில்லை. அவருடைய 70-வது பிறந்தநாளுக்கு மரியோவை விடுவித்து அனுப்பிய வைஸ்ராய், தன் தந்தியில் அவரை மகன் என்றே குறிப்பிட்டார்.

1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் வாழ்ந்தார். அப்போது அது மதுரை மாவட்டம். திண்டுக்கல் மாவட்டம் உருவானது 1985-ல். மலையில் ஒரு சின்னப் பள்ளி நடந்தது. இலங்கையைச் சேர்ந்த லீனா விக்ரமரத்ன உடன் இருந்து உதவினார். பல வயதுப் பிள்ளைகள் ஒன்றாகப் படித்தார்கள். செடி, பூச்சி, பாறை எல்லாமே பாடம். 6 முதல் 12 வயது வரையான கல்வி பற்றிய அவர் சிந்தனை இங்கேதான் வளர்ந்தது.

1949 வரை வந்து போனவர், இந்தியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 1952 மே 6-ல் நெதர்லாந்தில் காலமானார்.

போர்டைப் பார்த்து மட்டும் நம்பலாமா?

1931-ல் லண்டனில் மரியாவின் பயிற்சிக் கல்லூரியில் பேசிய காந்தி, இந்தக் கல்வி வசதியான வீட்டுப் பிள்ளைகளோடு நின்றுவிடாமல் பரம ஏழைப் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்று விரும்பினார். அந்த விருப்பம் இன்னும் முழுதாக நிறைவேறவில்லை.

‘மாண்டிசோரி’ என்ற பெயர் யாருக்கும் சொந்தமில்லை. யார் வேண்டுமானாலும் போர்டில் எழுதலாம். அதனால் உள்ளே போய்ப் பாருங்கள். குழந்தைகள் கையில் தொட்டுப் பழகும் பொருட்கள் இருக்கிறதா? டீச்சர் ஒலியைச் சொல்கிறாரா, இல்லை ‘ஏ ஃபார் ஆப்பிள்’ மட்டும்தானா? வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் சேர்ந்து இருக்கிறார்களா? மூன்று வயதுக் குழந்தைக்கு நான்கு பக்கம் ஹோம்வொர்க் என்றால், அங்கே அவர் பெயர் மட்டும்தான் இருக்கிறது.

ஃபீஸ் கட்ட முடியாத வீட்டிலும் இதில் ஒரு பகுதியைச் செய்யலாம். ஹார்டுவேர் கடையில் ஓர் உப்புத்தாள் வாங்குங்கள். எழுத்தை வெட்டி அட்டையில் ஒட்டுங்கள். குழந்தை தடவும்போது ஒலியைச் சொல்லுங்கள். அதற்குப் பிடிக்கவில்லை என்றால் எடுத்து வைத்துவிட்டு, அடுத்த வாரம் பாருங்கள்.