டாக்டர் பால் பிராண்ட்

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தார் பச்சைமலையை நன்கறிவர். அதற்கு மேற்கே கொல்லிமலை நிற்கின்றது. அம்மலையில் ஊழியஞ் செய்த ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் அம்மையார் என்னும் ஆங்கிலத் தம்பதிகளுக்கு 1914ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள் பிறந்தவரே, பின்னாளில் உலகம் போற்றிய இரணவைத்தியராகிய பால் பிராண்ட்.

கல்வியின்பொருட்டு ஒன்பதாம் பிராயத்தில் இங்கிலாந்து சென்றார். 1929இல் தந்தையார் மலையிலேயே காய்ச்சலுற்று மாண்டார். மைந்தர் முதலிற் கட்டடவேலையும் தச்சும் பயின்று, அதன் பின்னரே லண்டனில் வைத்தியங் கற்றார். 1946இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார்.

செங்கற்பட்டிலுள்ள தொழுநோய் நிலையத்தைக் காணச் சென்றபொழுது, விரல்கள் மடங்கிய நோயாளி ஒருவர் அவர் கையை இறுகப் பற்றினார். அவ்வலிமை பிராண்டை வியப்பிலாழ்த்திற்று. நரம்பு கெட்டதனால் உள்ளங்கையின் சிறு தசைகளே செயலிழந்தன. முன்கைத் தசைகள் பல நலமாகவே இருந்தன. ஆதலின் நலமானதொரு தசையின் நாரை எடுத்து, விரல்களுக்கு மாற்றித் தைக்கலானார். பிற்காலத்தில், மணிக்கட்டை நிமிர்த்தும் தசையின் நாரோடு வேறொரு நாரை ஒட்டி நீட்டி, அதனை நான்கு கிளையாகப் பிரித்து நான்கு விரல்களிலும் பொருத்தும் முறையைக் கையாண்டார். மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன.

எனினும் அவர் அதனோடு அமையவில்லை. திருந்திய கைகள் சில மாதங்களிற் புண்ணோடு திரும்பி வந்தன. காரணந் தேடினார். தொழுநோய் தசையை அழுகச் செய்கின்றதென்பது அக்காலத்தார் கொள்கை. உண்மையோ வேறு: வலி தோன்றாமையால், நோயாளிகள் கொதிக்கும் பாத்திரத்தைத் தொட்டும், கூரிய பிடியை அழுத்தியும் தம்மையறியாமலே காயமுற்றனர். உறங்குங்கால் எலி விரலைக் கடிப்பினும் அறியாதிருந்தனர். அதற்காகப் பூனைகள் வளர்க்கப்பட்டன! நிமிர்ந்த கையுடையார்க்குப் பிச்சையுங் குறைந்தது, தொழிலளிப்பாரும் இலர். ஆகவே குடில்கள் அமைத்து, கைகளைக் காக்கும் விதமும் தச்சு முதலிய தொழிலும் பயிற்றுவித்தார்.

1960இல் லாஸ்கர் பரிசு பெற்றார். 1966இல் அமெரிக்காவின் கார்வில் நகரஞ் சென்று, நீரிழிவால் உணர்விழந்த பாதங்களுக்கும் இவ்வறிவைப் பயன்படுத்தினார். 2003ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார்.

மாணவர்காள்! தைத்த புண் ஆறியவுடன் சிகிச்சை முடிந்ததென்று அவர் கருதவில்லை. பல்லாண்டு கழித்து அக்கை உழைத்து உண்கின்றதா என்பதே அவர் தம் தொழிலுக்கு இட்ட அளவுகோல். நாம் மேற்கொள்ளும் எத்தொழிலுக்கும் அவ்வளவுகோலே ஏற்றதாகும்.