பாலத்தின் கீழே படுத்த மனிதர்

தெமோதரை நிலையத்தைத் தாண்டி எல்லப் பக்கமாகப் போனால், இரு மலைகளுக்கு நடுவே வளைந்து நிற்கும் ஒன்பது வளைவுப் பாலம் வரும். சுமார் 24 மீற்றர் உயரம், 91 மீற்றர் நீளம். வெளிநாட்டவர் கூட்டங்கூட்டமாக வந்து படம் பிடிக்கிறார்கள். அதைக் கட்டியவர் யாரென்று என் வகுப்புத் தோழிகளிடம் கேட்டபோது, வெள்ளைக்காரர் என்றார்கள். பாதி சரிதான். வரைபடம் போட்டவர் புகையிரதப் பகுதியின் பொறியியலாளர் ஹரல்ட் மார்வுட். ஆனால் பாலத்தைக் கட்டி எழுப்பியவர் என்று ஊவா மக்கள் சொல்லும் பெயர் பி. கே. அப்புஹாமி.

அவர் மெலிமடக் கிராமத்தவர், 1870 அளவில் பிறந்தவர் என்பர். பொறியியல் படித்தவர் அல்லர். சடங்குகளில் மேளமடித்து ஆடுபவராம். ஒரு நாள் ஆட்டம் முடிந்து வேடத்தோடு திரும்பும் வழியில் ஓர் ஆங்கில அதிகாரி அவரைக் கண்டு முதலில் மிரண்டு, பிறகு சிநேகமானார் என்று கதை. அந்த அறிமுகத்தால் தெமோதரையில் புகையிரத வேலைக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது.

1894இல் பண்டாரவளைக்கு வந்த புகையிரதம் பதுளையைத் தொட்டது 1924இல்தான். பக்கத்து ஊருக்கு 30 ஆண்டுகள்! அவ்வளவு கரடுமுரடான மலை. அந்த வேலைத்தளத்தில் அப்புஹாமி ஆட்களை மட்டும் பார்க்கவில்லை. கட்டும் முறையையும் பார்த்துப் பழகினார். பிறகு சிறு சிறு ஒப்பந்தங்களை எடுத்து முடித்துக் கொடுத்தார். அவரைப் பற்றிய கதைகள் இந்தக் காலத்தை ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. எனக்கோ இதுதான் முக்கியமாகப் படுகிறது. சொன்ன நாளில் ஆட்கள் வந்து நின்றிராவிட்டால், பின்னால் அவர் சொன்னதை யார் காது கொடுத்துக் கேட்டிருப்பார்கள்?

பாலம் வர வேண்டிய பள்ளத்தாக்கின் அடி சேறாக இருந்ததால் அத்திவாரம் போட வழியின்றி அதிகாரிகள் தவித்தார்களாம். பக்கத்து மலையில் கிடக்கும் பெரிய பாறைகளை உருட்டிப் பள்ளத்தை நிரப்பி, அதன்மேல் தூண் எழுப்பலாம் என்று அப்புஹாமி யோசனை சொன்னார். செலவும் குறைவு. மேளக்காரர் சொல்லிப் பாலம் கட்டுவதா என்று அவர்கள் தயங்கியது இயல்பே. முதல் வண்டி பாலத்தில் போகும்போது அதன் கீழே தான் படுத்திருப்பதாக அவர் வாக்குக் கொடுத்தார். அப்படியே படுத்தும் இருந்தார் என்று எங்கள் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள்.

முதலாம் உலகப் போருக்கு இரும்பு போய்விட்டதால்தான் இரும்பில்லாமல் கட்டினார்கள் என்றும் ஒரு பேச்சு உண்டு. போர் ஒரு பக்கம் இருக்கட்டும். வளைவுக்கு இரும்பு தேவையே இல்லை. மேலே ஏறும் பாரம் கற்களை ஒன்றோடொன்று நெருக்குகிறது. நெருக்கத்தைத் தாங்குவதில் கல்லும் சீமெந்தும் கெட்டி. ஆனால் வளைவு முழுதாகச் சேரும்வரை அடியில் மரச்சட்டம் முட்டுக்கொடுத்து நிற்க வேண்டும். சட்டத்தைக் கழற்றும் நாளில்தான் கட்டியவரின் நெஞ்சு படபடக்கும். ஒன்பது வளைவென்றால் ஒன்பது தடவை. கீழே படுத்ததைவிட இதற்குத்தான் அதிகத் துணிச்சல் வேண்டுமென்று நான் நினைக்கிறேன்.

1921இல் பாலம் முடிந்தது. இரண்டு ஆண்டுகளின் பின் இலங்கைப் பொறியியற் சங்கம் வெளியிட்ட அறிக்கை மார்வுடின் வரைபடங்களையும் கணக்குகளையும் பதிந்து வைத்தது. அப்புஹாமியின் கணக்கு ஊர் வாயில் இருக்கிறது: மிச்சப்பட்ட பணம் அவருக்கே கிடைத்ததாம், அதை வெள்ளி நாணயங்களாக நாலு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பி, வந்தவர்க்கெல்லாம் விருந்து வைத்து, ஆளுக்கொரு நாணயம் கையில் கொடுத்தாராம்.