தலைசுற்றலின் மூலம் கண்ட டாக்டர் பாராணி

வியன்னா ஆஸ்பத்திரியின் காதுப் பிரிவு. காதைத் தண்ணீர் பீச்சிக் கழுவியதும் சில நோயாளிகள் தலை சுற்றுகிறது என்று நாற்காலியைப் பிடித்துக் கொள்வார்கள். டாக்டர்கள் அன்றாடம் கண்டதுதான். அதை விடாமல் துருவியவர் ராபர்ட் பாராணி.

1876-இல் அதே நகரில் பிறந்தவர். சிறு வயதில் எலும்புக் காசநோயால் ஒரு முழங்கால் மடங்காமல் போயிற்று. 1900-இல் டாக்டரானார்.

ஒரு நாள் ஒரு நோயாளி, தண்ணீரில் சூடு போதாததால்தான் தலை சுற்றுகிறது என்றார். நர்ஸ் கொண்டுவந்த மாற்றுத் தண்ணீரோ கொதியாய்க் கொதித்தது. மறுபடியும் தலைசுற்றல்! ஆனால் இம்முறை கண்மணிகள் எதிர்ப்பக்கமாகத் துடித்தன. பாராணிக்கு வெந்நீர் பாய்லர் நினைவு வந்தது. சூடான நீர் மேலேறும், குளிர்ந்தது கீழிறங்கும். உட்காதின் மூன்று அரைவட்டக் குழாய்களில் உள்ள திரவமும் அப்படியே நகர, ஆள் அசையாதிருந்தும் சுற்றுவதாக மூளைக்குச் சேதி போகிறது. (இது மட்டுமே காரணமல்ல என்று 1983-இல் விண்வெளியில் நடந்த சோதனை காட்டியது. அது வேறு கதை.) எந்தக் காது பழுது என்று கொஞ்சம் தண்ணீரைக் கொண்டே அறிய வழி பிறந்தது.

1914-இல் யுத்தம். கால் ஊனத்தோடு ராணுவ வைத்தியராகப் போனவர் ரஷ்யர்களிடம் பிடிபட்டார். 1914-க்கான நோபல் பரிசுச் செய்தி அவரை எட்டியது மத்திய ஆசியாவின் கைதி முகாமில்! ஸ்வீடன் இளவரசர் கார்ல் செஞ்சிலுவைச் சங்கத்தின் பேரில் பரிந்து பேச, 1916-இல் விடுதலையானார்.

பரிசோடு ஊர் திரும்பியவருக்கு மாலை மரியாதை இல்லை. பிறர் கண்டதைச் சரிவரக் குறிப்பிடவில்லை என்று சக டாக்டர்கள் குற்றம் சாட்டினர். மனம் கசந்து ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக் கழகத்துக்குப் போய்விட்டார்.

நமக்குச் சுவையானது இனிமேல்தான். ஓடும் ரயிலில் ஜன்னலோரம் இருப்பவரின் கண்களைக் கவனியுங்கள். கம்பத்தோடு மெல்ல நகர்ந்து, வெடுக்கெனத் திரும்பி அடுத்த கம்பத்தைப் பிடிக்கும். இந்த ‘ரயில் கண்துடிப்பு’ பற்றி 1921-இல் கட்டுரை எழுதினார். உட்காது கெட்டால் மூளை கண்ணையே அதிகம் நம்பும். அப்போது விரையும் வண்டியும் பிளாட்பாரக் கூட்டமும் பார்த்த மாத்திரத்தில் கிறுகிறுப்பு உண்டாக்கும். பலர் இதைப் பித்தம் என்றும், பயம் என்றும் சொல்லிவிடுகிறார்கள்.

1936-இல் உப்சாலாவில் பாராணி காலமானார். அவர் பெயரில் 1960-இல் தோன்றிய டாக்டர்கள் சங்கம், பார்வையால் வரும் தலைசுற்றலை 2009-இல் தனி நோய்க்குறியாகப் பட்டியலில் சேர்த்தது.